இரண்டு சபைகளின் அபேட்சகர்

கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் வழியாக மன்னார்குடிக்குப் போகும் சாலையில் உள்ள வலங்கைமானில் 1869-இல் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரை, ஆங்கிலச் சொல்வன்மையால் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பெரிய சபைகளைக் கட்டிப்போட்ட வெள்ளி நாவினர் என்றே சரித்திரம் நினைவில் வைத்திருக்கிறது. அரசியலுக்குப் போவதற்கு முன்னால் அவர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர் என்பதும், ‘மெட்ராஸ் டீச்சர்ஸ் கில்டு’ என்ற ஆசிரியர் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தமிழ்நாட்டு உபாத்தியாயர்கள் சங்கமாகக் கூடிய கதையின் முதல் அத்தியாயத்திலேயே காவிரிக்கரை தந்த ஒரு மகா பிரசங்கி வந்து நின்றது தற்செயல்தான். ஆனால் அதற்குப் பின் வந்த தலைமுறைகளிலும் ஆசிரியர் சங்கத் தலைமை என்பது பெரும்பாலும் தொண்டையின் பலத்தைக் கொண்டே நிர்ணயமாகி வந்திருக்கிறது என்பதை, கலெக்டர் ஆபீஸ் வாசலில் நடக்கும் ஆர்ப்பாட்டம் எதையேனும் கால்மணி நேரம் நின்று பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். மைக்கைப் பிடித்தவர் தலைவர். கோஷம் எடுத்துக் கொடுப்பவர் செயலாளர். திருப்பிச் சொல்பவர்கள் உறுப்பினர்கள்.

இந்த ஏற்பாடு செல்லாத ஒரு சங்கம் உண்டென்றால், அது காது கேளாதோர் பள்ளிகளையும் பார்வையற்றோர் பள்ளிகளையும் சேர்ந்த ஆசிரியர்கள் ஒன்றாகக் கூடி அமைக்கும் சங்கமாகத்தான் இருக்கமுடியும். அதன் தலைமைக்கு நிற்கும் அபேட்சகரின் முகத்தை வாக்காளர்களில் சிலர் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. அவர் குரலை வேறு சிலர் ஒருநாளும் கேட்கப்போவதில்லை. ஆயினும் இந்தத் தேர்தலின் உண்மையான சிக்கல், பிரசாரம் செய்வதில் உள்ள இந்தச் சிரமத்தில் இல்லை. வாக்காளர் பட்டியலிலேயே இருக்கிறது. பார்வையற்றவரால் ஆசிரியரின் நாற்காலியில் ஏறி அமர முடிந்த அளவுக்குக் காது கேளாதவரால் ஏற முடியவில்லை. ஆகவே இருவகைப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பேச வேண்டிய சங்கத்தில் ஒரு தரப்பின் சொந்த மனிதர்கள் வாக்காளர்களாக இருக்க, மறுதரப்பின் சொந்த மனிதர்கள் பெரும்பாலும் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். இந்தக் கோணல் எப்படி உண்டாயிற்று, தலைமைக்கு நிற்பவரை அது என்ன கேட்கிறது என்பவையே இங்கே ஆராயப்படும் விஷயங்கள்.

தஞ்சாவூரில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று ஓர் அரசுப் பள்ளியும் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஓர் அரசுப் பள்ளியும் இருக்கின்றன. மேட்டூர் அணை திறக்கும் நாள் என்று டெல்டா முழுவதும் எதிர்பார்க்கும் ஜூன் 12-ஐ ஒட்டியே பள்ளிக்கூடங்களும் திறப்பதால், குறுவைக்கு நாற்றங்கால் தயாராகும் அதே வாரங்களில், தகரப் பெட்டியும் பாயுமாகப் பிள்ளையை விடுதியில் சேர்க்க வரும் விவசாயக் கூலிக் குடும்பங்களை அங்கே காணலாம். இப்பள்ளிகள் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் இயங்குவன அல்ல. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் நிர்வாகத்தில் இருப்பவை. ஒரு சர்க்கார் உத்தரவின் தலைப்பு மாத்திரம் போல் தோன்றும் இந்த வேற்றுமையிலிருந்துதான் அவற்றின் ஆசிரியர்களுடைய தனிமை பிறக்கிறது. லட்சக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட பெரிய ஆசிரியர் கூட்டணிகள் பேச்சுவார்த்தைக்குப் போய் உட்காரும் மேஜையில் இவர்களுடைய இலாகா அதிகாரியே இருப்பதில்லை; இவர்களுடைய அதிகாரி உட்காரும் மேஜையிலோ ஓய்வூதியம், உபகரணம், அடையாள அட்டை என்று ஆயிரம் விவகாரங்களுக்கு நடுவில் ஆசிரியர் குறை ஒரு மூலையில் கிடக்கிறது.

மாறுதல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். பாபநாசத்தில் வேலை பார்க்கும் சாதாரணப் பள்ளி ஆசிரியருக்கு மாறுதல் வந்தால் அம்மாப்பேட்டையோ திருவையாறோ கிடைக்கும். பஸ் மாறும், வீடு மாறாது. தஞ்சையில் பார்வையற்றோர் பள்ளியில் இருப்பவருக்கு மாறுதல் என்றால், அதே வகைப் பள்ளி வேறு எங்கே இருக்கிறதோ அங்கே, திருச்சிக்கோ சேலத்துக்கோ பூந்தமல்லிக்கோ, போகவேண்டும். அவர் தாமே பார்வையற்றவராகவும் இருந்துவிட்டால், பஸ் நிலையத்தில் எந்த நடைமேடை, எத்தனை படி, சாக்கடை மூடி திறந்து கிடக்கும் இடம் எது, டீக்கடை அடுப்பின் சூடு எந்தப் பக்கம் முகத்தில் படும் என்று ஒரு நகரத்தையே காலாலும் தோலாலும் மறுபடி பாராயணம் செய்யவேண்டியிருக்கிறது. கலந்தாய்வில் இதையெல்லாம் நிரப்புவதற்கு ஒரு கட்டம் கிடையாது. இத்தகைய குறைகளை எடுத்துச் சொல்ல ஒரு தனிச் சங்கம் வேண்டும் என்ற எண்ணம் இயல்பானது. அதைத் தலைமை தாங்கி நடத்த ஒருவர் முன்வருவதும் இயல்பானதே.

ஆனால் இந்த இருவகைப் பள்ளிகளும் ஏன் ஒரே பெயரின்கீழ், ஒரே சங்கத்தின்கீழ் வரவேண்டும் என்று கேட்டால், கல்வி நோக்கில் அதற்கு நியாயம் சொல்வது கடினம். தமிழ்நாட்டில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையாரால் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் கல்வியும், 1897-இல் ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையாரால் அதே ஊரில் காது கேளாதோர் கல்வியும் தொடங்கப்பட்டன. இலங்கையில் 1912-இல் மேரி சாப்மன் அம்மையார் தொடங்கிய பள்ளி இருசாராரையும் ஒரே வளாகத்தில் சேர்த்தது. யாழ்ப்பாணத்துக் கைதடியில் உள்ள நவீல்ட் பாடசாலையும் அப்படி இருசாராருக்கும் ஏற்பட்டதுதான். காதாலும் விரலாலும் கற்கும் பிள்ளையையும் கண்ணால் மட்டுமே கற்கும் பிள்ளையையும் ஒரே மணிக்கூண்டின் கீழ் உட்காரவைக்கத் தூண்டியது தரும சிந்தனை, போதனாமுறை அன்று. ஒருவன் அந்த மணியைக் கேட்பான், மற்றவன் கேட்கமாட்டான் என்பதைக்கூட அந்தச் சிந்தனை முக்கியமாகக் கருதவில்லை. இரக்கப்படுகிறவனுடைய பார்வையில் எல்லாக் குறையும் ஒரே குறைதான். பிற்காலத்து அரசாங்கங்களும் அந்தப் பாகுபாட்டையே, அல்லது பாகுபாடின்மையையே, கைமாற்றாகப் பெற்றுக்கொண்டன.

ஆசிரியரின் நாற்காலி விஷயத்தில் இருசாராரின் பாதைகள் பிரிந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இருவரும் ஏறக்குறைய சமநிலையிலேயே இருந்தார்கள். பாரிஸ் நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் மாணவனாக நுழைந்து அங்கேயே ஆசிரியரான லூயி பிரெயில், 1829-இல் தம்முடைய புள்ளி எழுத்து முறையை அச்சிட்டு வெளியிட்டார். அதே நகரத்தின் காது கேளாதோர் பள்ளியில் படித்து ஆசிரியரான லோரான் கிளெர்க், 1817-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் காது கேளாதோர் பள்ளி ஒன்றை நிறுவுவதில் பங்கெடுத்து, பல்லாண்டுகள் அங்கே கற்பித்தார். இருவரும் தம்மைப் போன்ற பிள்ளைகளுக்குத் தம் அனுபவத்திலிருந்தே பாடம் சொன்னவர்கள். பிரெயிலின் எழுத்துக்கு அவர் வாழ்நாளில் பூரண அங்கீகாரம் கிடைக்கவில்லை. அவர் 1852-இல் இறந்து இரண்டாண்டுகள் கழித்தே பிரான்ஸ் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. ஆனால் ஏற்றபின் அது பின்வாங்கவில்லை.

காது கேளாதோர் விஷயத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரத்தில் கூடிய சர்வதேச மாநாடு, சைகை மொழியை விலக்கி வாய்ப்பேச்சின் வழியாகவே அவர்களுக்குக் கற்பிக்கவேண்டும் என்று பெரும்பான்மையால் தீர்மானித்தது. கலந்துகொண்ட 164 பேரில் காது கேளாதவர் ஜேம்ஸ் டெனிசன் என்ற அமெரிக்கர் ஒருவரே. தம்மைப் பற்றிய தீர்ப்பைத் தாம் இல்லாத சபையில் பிறர் எழுதிய இந்தச் சம்பவத்தின் விளைவு, மொழியோடு நின்றுவிடவில்லை. வாய்ப்பேச்சைக் கற்பிப்பதே ஆசிரியரின் வேலை என்றாகிவிட்டால், பேச்சொலியைக் கேட்டுத் திருத்த முடியாதவர் ஆசிரியராக இருக்க லாயக்கற்றவர் என்பது தானே பின்தொடர்கிறது அல்லவா? கிளெர்க்கின் வாரிசுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வகுப்பறைகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். சில இடங்களில் தச்சுப் பட்டறைக்கும் தையல் அறைக்கும் இறக்கப்பட்டார்கள். மிலானுக்குப் பதினேழு ஆண்டுகள் கழித்துப் பிறந்த பாளையங்கோட்டைப் பள்ளியும், அதன் பின் நம் நாட்டில் தோன்றியவையும், அந்தக் காற்று வீசிய காலத்தில் வளர்ந்தவை. அந்த மாநாட்டின் வழித்தோன்றலான சபை 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடி மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டுகள் கழித்து வந்த வருத்தம் யாருக்கும் உத்தியோகம் வாங்கித் தரவில்லை.

இந்தியாவில் பார்வையற்றோருக்கு 1951-இல் ஏற்பட்ட பாரதி பிரெயில், பற்பல பிராந்திய முறைகளை ஒழுங்குபடுத்தி, தமிழ் உட்பட இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான புள்ளி அடிப்படையைத் தந்தது. கல்லூரிக்குப் போன பார்வையற்ற இளைஞர் பாடக் குறிப்பைத் தாமே எழுதிக்கொண்டு வகுப்புக்குள் நுழைய முடிந்தது. பிரெயில் சிலேட்டில் தாளைப் பொருத்தி ஊசியால் குத்தி எழுதுகிறவர், வலப்புறத்திலிருந்து இடப்புறமாக எழுதிக்கொண்டு போகிறார். தாளைத் திருப்பிப் போட்டால் புடைத்த புள்ளிகள் இடமிருந்து வலமாகப் படிக்க வருகின்றன. எழுதும்போது ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றி மனத்தில் நிறுத்திக்கொள்ளும் இந்தப் பயிற்சியை ஏழெட்டு வயதில் முடித்துவிடும் பிள்ளையைப் பார்த்து, கண்ணுள்ள ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் திகைப்பது உண்டு. இன்று தமிழ்நாட்டில் பி.எட். முடித்த பார்வையற்றவர்கள் சிறப்புப் பள்ளிகளில் மட்டுமன்றிச் சாதாரணப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கற்பிக்கிறார்கள். வேலை கிடைக்காதவர்கள் 2013-இல் சென்னையில் உண்ணாவிரதம் இருந்து அரசை அசைக்க முயன்றார்கள். காது கேளாத மாணவருக்கோ பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. அந்தச் சலுகை அவரைத் தேற வைக்கிறது, ஆனால் பட்டப்படிப்பும் ஆசிரியர் பயிற்சியும் எழுத்துமொழியின் மேலேயே கட்டப்பட்டிருப்பதால் அந்த வாசலில் அவர் நின்றுவிடுகிறார். விளைவு கண்கூடு. பார்வையற்றோர் பள்ளியின் ஆசிரியர் அறையில் பார்வையற்ற ஆசிரியர்கள் இருப்பது சாதாரணம். காது கேளாதோர் பள்ளியின் ஆசிரியர் அறையில் காது கேளாத ஆசிரியர் அபூர்வம். அவரைத் தேடுபவர் தொழிற்பயிற்சிக் கூடத்தின் பக்கம் போய்ப் பார்க்கவேண்டும்.

இப்போது அபேட்சகரிடம் வருவோம். அவர் பெரும்பாலும் கண்ணும் காதும் உள்ளவராகவோ, அன்றிப் பார்வையற்றவராகவோ இருப்பார். பார்வையற்ற சக ஆசிரியர்களிடம் ஓட்டுக் கேட்பது ஒரு வகையில் பழைய தஞ்சாவூர் முறைதான்: குரலால் கேட்கவேண்டும், கேட்ட குரல் அடுத்த முறை மாறியிருக்கக்கூடாது. எந்த மாதத்தில் எந்தக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்பதை எழுதி வைக்காமலே நினைவில் வைத்திருக்கும் வாக்காளர்கள் அவர்கள். தொலைபேசியில் அரைமணி பேசும் பொறுமையும் அவர்களுக்கு உண்டு. காது கேளாத உறுப்பினர் ஒருசிலரே இருந்தாலும் அவர்களிடம் இந்தக் கலை பலிக்காது. அவர்கள் உலகத்தில் அபேட்சகரின் பெயரே வேறு. கன்னத்து மச்சம், மூக்குக்கண்ணாடி, நடை, எப்போதோ விழுந்த வெட்டுத் தழும்பு என்று ஏதோ ஓர் அடையாளத்தைக் கொண்டு அவருக்கு ஒரு சைகைப் பெயர் சூட்டப்பட்டிருக்கும். துண்டுப் பிரசுரத்தில் அச்சான பெயர் இன்னாருடையது என்று யாராவது கைகாட்டினால்தான் விளங்கும். சைகை மொழியில் கேள்விக்கும் உறுதிக்கும் உள்ள வேற்றுமை பெரும்பாலும் புருவத்திலும் முகத்திலும் இருக்கிறது. “மாறுதல் பிரச்னை தீர்ந்துவிடும்” என்று கை சொல்லும்போது முகம் அதை நம்பாமல் இருந்தால், வாக்கியமே மாறிவிடும். மேடைப்பேச்சில் பழகிய தலைவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் சிரமப்படத்தான் வேண்டும்.

வாக்களிப்பு முறையில் சங்கடங்கள் இன்னும் நுட்பமானவை. நம் சங்கங்களில் வழக்கத்தில் இருக்கும் தேர்தல் சம்பிரதாயங்கள் எல்லாமே யாரையேனும் ஒருவரை வெளியே நிறுத்துகின்றன. ‘ஆமாம் என்பவர்கள் சொல்லுங்கள்’ என்று குரல் வாக்கெடுத்தால் காது கேளாதவர் தீர்மானம் நிறைவேறியதை அடுத்தவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்; கையைத் தூக்கச் சொன்னால் பார்வையற்றவர் எண்ணிக்கையைத் தலைவரின் வார்த்தையை நம்பியே ஏற்றுக்கொள்ள வேண்டும். நம்மவர்கள் மிகவும் விரும்பும் ‘ஒருமனதாக’, ‘போட்டியின்றி’ என்ற முறையில், முதல் நாள் இரவு நாலு பேர் பேசி முடித்ததை மறுநாள் கரகோஷத்தால் ஊர்ஜிதம் செய்கிறார்கள். அந்த நாலு பேர் பேச்சை எட்டிக் கேட்கவும் பார்க்கவும் வாய்ப்பில்லாதவர்களுக்கு அது தேர்தலே அன்று.  

அப்படியானால் இரகசியச் சீட்டு முறைதானே நியாயம் என்று தோன்றும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. மாவட்டத்தில் நாற்பது ஐம்பது வாக்காளர்கள் உள்ள ஒரு கிளையில், பார்வையற்ற உறுப்பினர்கள் எட்டுப் பேருக்கு மட்டும் பிரெயிலில் குத்திய சீட்டுக் கொடுத்தால், பெட்டியைக் கவிழ்த்த மறுநிமிஷமே அந்த எட்டு ஓட்டும் எந்தப் பக்கம் போயின என்பது எல்லோருக்கும் வெளிச்சமாகிவிடும். உதவிக்கு ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளலாம் என்பது பொதுத்தேர்தல் விதிகள் நெடுங்காலமாகத் தரும் வழி. 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளிலேயே அதற்கு இடமுண்டு. ஆனால் சங்கத் தேர்தலில் அந்தத் துணைவரும் அதே ஆசிரியர் அறையைச் சேர்ந்தவர். நாளைக் காலையில் அவரோடுதான் டீ குடிக்கவேண்டும். வாக்குப்பதிவு இயந்திரத்தில் பிரெயில் எண்கள் வந்தபின், 2009 பொதுத்தேர்தலில் பல பார்வையற்றவர்கள் முதன்முதலாகத் துணையின்றித் தாமே பொத்தானை அழுத்தினார்கள். அதே தத்துவத்தைச் சங்கமும் கைக்கொள்ளலாம்: எல்லோருக்கும் ஒரே சாதாரணச் சீட்டு, அதன் மேல் பொருந்தும்படி பெயர்களுக்கு நேராகத் துளையிட்டுப் பக்கத்தில் பிரெயில் எண் புடைத்த ஓர் அட்டை. அட்டையைப் பொருத்தி, துளையில் குறியிட்டு, அட்டையை எடுத்துவிட்டால் சீட்டு மற்றவர்களுடையதைப் போலவே இருக்கும். பிரிட்டனில் பொதுத்தேர்தல்களிலேயே இவ்வகைச் சாதனம் உபயோகத்தில் இருந்திருக்கிறது. ஒரு கெட்டி அட்டையும் ஒரு பிரெயில் சிலேட்டும் உள்ள எந்தப் பள்ளியிலும் ஒரு மாலைப் பொழுதில் இதைச் செய்துவிடலாம். செய்யப்படாததற்குக் காரணம் பொருட்செலவு அன்று.

சட்டத்தின் நிலையை விரைவில் சொல்லிவிடலாம். 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம் என்ற எளிய வாசலைத் திறந்தது. ஆனால் ஆசிரியர் தொழில் தகராறுகள் சட்டத்தின்படி ‘தொழிலாளி’ ஆகமாட்டார் என்று, கோவாவின் பள்ளி ஆசிரியை ஒருவர் தொடுத்த சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்துவிட்டது. 2003-இல் தமிழ்நாட்டில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்ய, அரசு ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரைப் பதவிநீக்கம் செய்ததும், அதே ஆண்டு ஆகஸ்டில் ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியதும் இன்றும் ஆசிரியர் அறைகளில் பேசப்படுபவை. சிறப்புப் பள்ளி ஆசிரியருக்கு இதில் கூடுதலான ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. அவர் கதவைப் பூட்டிவிட்டுப் போனால் பிள்ளைகள் வீட்டுக்குப் போகமாட்டார்கள், விடுதியிலேயே இருப்பார்கள். ஆகவே இந்தச் சங்கத்தின் தலைவருக்கு வேலைநிறுத்தம் என்ற ஆயுதம் சட்டத்தாலும் மனசாட்சியாலும் இருமுறை பறிக்கப்பட்டது. மனு, வழக்கு, பேச்சுவார்த்தை ஆகியவையே மிச்சம். மூன்றுக்கும் வேண்டியது பிரதிநிதித்துவத்தின் நம்பகம்: ‘இவர் யாருக்காகப் பேசுகிறார்?’ என்று அதிகாரி கேட்டால் பதில் இருக்கவேண்டும்.

கண்ணும் காதும் உள்ளவரால் அந்தப் பதிலைச் சொல்ல முடியுமா? முடியாது என்று சொல்வோரின் பக்கம் பலமான உதாரணங்கள் இருக்கின்றன. பிரிட்டனில் பார்வையற்ற தொழிலாளர்கள் தமக்கெனத் தாமே அமைத்த நேஷனல் லீக் ஆஃப் தி பிளைண்டு 1899-இல் தொழிற்சங்கமாகப் பதிவு பெற்றது. 1920 ஏப்ரலில் அதன் உறுப்பினர்கள் நாட்டின் பல திசைகளிலிருந்து லண்டனுக்கு நடந்தே வந்து, தருமம் அல்ல, நீதியே வேண்டும் என்று முழங்கினார்கள். அதே ஆண்டில் பார்வையற்றோர் சட்டம் நிறைவேறியது. அமெரிக்காவின் காலோடெட் பல்கலைக்கழகம் காது கேளாதோருக்கென்று 1864-இல் ஏற்பட்டது. 124 ஆண்டுகளாக அதற்குக் காது கேளாத தலைவர் ஒருவர்கூட இருந்ததில்லை. 1988 மார்ச்சில் நிர்வாகக்குழு மீண்டும் காது கேட்பவர் ஒருவரையே நியமித்ததும் மாணவர்கள் வாயில்களை அடைத்து வளாகத்தை நிறுத்திவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் நியமிக்கப்பட்டவர் விலக, ஐ. கிங் ஜோர்டான் முதல் காது கேளாத தலைவரானார்.

ஆயினும் தஞ்சை மண்ணின் அனுபவம் வேறொன்றையும் சொல்கிறது. கீழத்தஞ்சையில் பண்ணையாட்களையும் குத்தகைதாரரையும் 1940-களில் சங்கமாகத் திரட்டிய பி. சீனிவாச ராவ், தென் கன்னடத்திலிருந்து வந்தவர், பிறப்பால் பிராமணர், தமிழ் அவருக்குக் கற்றுக்கொண்ட மொழி. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக அனுபவித்த சேரி மக்கள் அவரைத் தம்முடைய தலைவராக ஏற்றார்கள், இன்றும் நினைக்கிறார்கள். ஆனால் அவருடைய காலத்திலேயே அந்தச் சங்கத்தில் களப்பால் குப்பு போன்றவர்கள், உழைக்கும் மக்களுக்குள்ளிருந்தே, தலைவர்களாக எழுந்தார்கள் என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் அந்த உதாரணம் முழுமையாகும். வெளியிலிருந்து வருபவர் தலைமை தாங்கலாம் என்பது மட்டுமே அதன் பாடம் என்று எடுத்துக்கொள்பவர்கள் பாதிக் கதையைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். காது கேட்கும் தலைவர் காது கேளாதோருக்காகப் பேசலாம்; அவருடைய சங்கத்தில் காது கேளாதவர் ஒருவர் உறுப்பினராகவாவது இருக்கிறாரா என்பதை அதன்பின் பார்க்கவேண்டும்.

நியமனம் என்ற எளிய வழி ஒன்று எப்போதும் கைவசம் இருக்கிறது: செயற்குழுவில் ஓர் இடத்தைக் காது கேளாதவருக்கென்று ஒதுக்கி, தலைவரே ஒருவரை அமர்த்திவிடுவது. இதன் சாதக பாதகங்களைத் தமிழ்நாடு பெரிய அளவில் இப்போது சோதித்துப் பார்க்கிறது. 1920-ஆம் ஆண்டுச் சென்னை மாவட்ட முனிசிபாலிடிகள் சட்டம், சித்தசுவாதீனம் இல்லாதவரோடும் தொழுநோயாளியோடும் சேர்த்துக் காது கேளாத வாய் பேசாதவரையும் கவுன்சிலராக இருக்கத் தகுதியற்றவர் என்று வைத்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின், 2025 ஏப்ரலில், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிசெய்யும் சட்டத்திருத்தங்கள் அதே மாநிலத்தில் நிறைவேறின. தூரம் பெரியது, மறுக்கமுடியாது. ஆயினும் நியமிக்கப்பட்டவர் நியமித்தவரின் தயவில் இருக்கிறார், ஓட்டுக் கேட்டு வென்றவர் ஓட்டுப் போட்டவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறார் என்ற பேதம் நகராட்சியில் எவ்வளவு உண்மையோ அவ்வளவு ஆசிரியர் சங்கத்திலும் உண்மை. சங்கத்திலாவது, சட்டமன்றத்துக்காகக் காத்திராமல், அந்தப் பேதத்தை ஒழிக்க முடியும்.

அதற்கான இடம் சங்கத்தின் துணைவிதிகளில், உறுப்பினர் யார் என்று சொல்லும் ஷரத்து. அங்கே ‘ஆசிரியர்’ என்ற சொல்லுக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற, முறையான ஊதிய விகிதத்தில் உள்ள ஆசிரியர் என்று மட்டும் பொருள் வைத்தால், இருவகை மனிதர்கள் வெளியே போகிறார்கள். ஒருவகையினர், ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் தொகுப்பூதியத்தில் ஊர் ஊராகச் சென்று சாதாரணப் பள்ளிகளில் உள்ள மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்திய பின், பிள்ளைகள் சிறப்புப் பள்ளியை விட்டுத் தம் ஊர்ப் பள்ளிக்கே போகும்போது, அவர்களோடு வேலையும் போகிறது; அந்த வேலையைச் செய்பவர்கள் சங்கத்துக்கு வெளியே இருந்தால், நாளாவட்டத்தில் சங்கம் காலியான வகுப்பறைகளின் சங்கமாகிவிடும். மற்றவகையினர், காது கேளாதோர் பள்ளிகளில் தையலும் தச்சும் சொல்லிக்கொடுக்கும், தாமும் காது கேளாத, தொழிற்பயிற்றுநர்கள். வகுப்பாசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்டு விளங்கவைக்க முடியாததை, இடைவேளையில் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து தங்கள் கைமொழியில் பிள்ளைகளுக்கு விளக்கிவிடுபவர்கள் பல சமயம் இவர்கள்தாம். மிலான் மாநாடு வகுப்பறையிலிருந்து பட்டறைக்கு அனுப்பியவரை, நம் துணைவிதி பட்டறையிலேயே வைத்துப் பூட்டுகிறது.

இந்த ஷரத்தைத் திருத்தத் தயார் என்று வேட்புமனுவுடனேயே அறிவிக்கும் அபேட்சகருக்கு நஷ்டங்கள் வெளிப்படையானவை. சேர்க்கை கூடினால் பணிமூப்புப் பட்டியல் குழம்பும் என்று அஞ்சும் நிரந்தர ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். பார்வையற்ற உறுப்பினர்களில் சிலர், தங்கள் எண்ணிக்கைக்கு இப்போது இருக்கும் செல்வாக்கு குறையுமே என்று தயங்கக்கூடும். அது மனித சுபாவம். பார்வையற்றவர்களிடம் மட்டும் தியாகத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது. திருத்தம் நிறைவேறப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு ஆதரவு திரட்ட ஊர் ஊராகப் போய், மாறுதலையும் பதவி உயர்வையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைப் பேசவேண்டும். இதனால் பயனடையப் போகும் தையல் ஆசிரியையும் தச்சுப் பயிற்றுநரும் தீர்மானம் நிறைவேறும்வரை அந்தக் குழுவில் கைதூக்க உரிமை இல்லாதவர்கள். அவர்களுக்காக நிற்பவர் இந்த முறை அவர்களுடைய ஓட்டு இல்லாமலேதான் வென்றாகவேண்டும்.